"பாத்துக் குடுங்க சார்": எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டால், "பாத்துக் குடுங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்று பதில் வரும். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அவர் ஆயிரத்து எண்ணூறு என்பார். வீட்டுக்காரர் மனதில் அதுவரை எண்ணூறு இருந்திருக்கும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு, அதை வெளியே சொல்லாமல் அரை நாள் ஓட்டியிருக்கிறார்கள். வீட்டு வயரிங் வேலையில் வரும் சண்டைகளில் அப்பட்டமான ஏமாற்று குறைவு, இந்தக் கூச்சம்தான் அதிகம்.

பார்ப்பதும் செய்வதும் ஒரே வேலை என்று நினைப்பது

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைச் சரிசெய்வது இன்னொரு வேலை. போனில் பேசும்போதே இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்: "வந்து பார்க்க எவ்வளவு? பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்றால் அதை மட்டும் கொடுத்தால் போதுமா? வேலை செய்தால் அதில் கழிப்பீர்களா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத் தயங்குபவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்.

இதிலேயே வீட்டுக்காரர்கள் செய்யும் அநியாயம் ஒன்றும் உண்டு. "அஞ்சு நிமிஷ வேலைக்கு நானூறா?" என்பது. லூஸான ஒரு நியூட்ரலை இறுக்க ஒரு நிமிடம் போதும். இருபது இணைப்புகளில் எது லூஸ் என்று தெரிந்துகொள்ளத்தான் காசு. அம்பத்தூரிலிருந்து அண்ணா நகருக்கு வண்டியில் வந்த பெட்ரோலும் அதில் அடக்கம்.

ஈ.பி. பக்கக் கோளாறுக்குத் தனி ஆளைக் கூப்பிடுவது

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் பாதி வீடு மட்டும் இருட்டாகிவிட்டால், எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடும் முன் பக்கத்து வீட்டை எட்டிப் பாருங்கள். அங்கேயும் இதே கதை என்றால் ஒரு பேஸ் வரவில்லை. தெருவில் இருக்கும் பில்லர் பாக்ஸிலோ கம்பத்திலோ பியூஸ் போயிருக்கலாம். சில பல்புகள் கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் அது நியூட்ரல் கோளாறாக இருக்கும். உடனே மெயினை அணைத்துவிடுங்கள். தாமதித்தால் டிவியும் பிரிட்ஜும் போய்விடும். மீட்டர் வரை வரும் சப்ளை வாரியத்தின் பொறுப்பு. அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இதற்குத் தனி ஆளை அழைத்தால், பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டு அதே எண்ணுக்குத்தான் போன் செய்யவேண்டியிருக்கும்.

"நானே பில்லர் பாக்ஸைத் திறந்து போட்டுவிடுகிறேன்" என்பவரையும் மீட்டர் சீலில் கை வைப்பவரையும் அங்கேயே நிறுத்துங்கள். சீல் அறுந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

சின்னக் கோளாறுக்குப் பெரிய வைத்தியம்

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல். சாதாரண சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், விலை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதை மாற்றிப் பார்க்காமலே "காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ணணும்" என்று ஃபேனைக் கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள். கையால் சுற்றிவிட்டால் இறுக்கமாக நிற்கிறது என்றால் பேரிங். கருகிய வாடை வந்தால் காயிலாக இருக்கலாம்.

பெரிய பில் பிறக்கும் இடம் ஆர்.சி.சி.பி., அதாவது எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து சப்ளையை நிறுத்தும் சுவிட்ச். மழை ஆரம்பித்ததும் சென்னையில் வீட்டுக்கு வீடு இது விழும். "வயரிங் பழசு, முழுக்க மாத்தணும்" என்ற தீர்ப்பும் கூடவே வரும். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றுங்கள்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, சார்ஜர் வரை. கீசர் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் அதன் டபுள் போல் சுவிட்சை அணையுங்கள். லோடு கூடினால் விழும் சுவிட்சான எம்.சி.பி.யை மட்டும் இறக்கினால் போதாது. பெரும்பாலான வீடுகளில் அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழலாம்.

பிளக்கெல்லாம் கழற்றியபின் ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றுவிட்டால் வயரிங்கில் கோளாறு இல்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான் ஆள். பல வீடுகளில் அது கீசர் காயிலாக இருக்கும். எல்லாம் கழற்றியும் விழுந்தால் மொட்டை மாடி லைட், பால்கனி பிளக், மோட்டார் லைன், வெளிச்சுவரில் இருக்கும் பாக்ஸ் என்று தண்ணீர் இறங்கும் இடங்களைத் தேடச் சொல்லுங்கள். அப்போதும் அந்த ஒரு சர்க்யூட்டைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ரீவயரிங்தான் வழி என்று எலெக்ட்ரீஷியன் உறுதியாகச் சொன்னால், வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் என்ற கருவியின் ரீடிங் கேளுங்கள். 500 வோல்ட் மெக்கரில் சர்க்யூட் வாரியாக அளந்து எழுதித் தரவேண்டும். ஒரு மெகா ஓமுக்கு மேல் வருகிற சர்க்யூட்டை இன்சுலேஷன் போய்விட்டது என்று சொல்லி மாற்றக் கூடாது. அளக்கும் முன் பல்புகளும் சாதனங்களும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எல்.இ.டி.கள் போய்விடும். டெஸ்டரைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் போடுபவரிடம் மெக்கர் இருக்காது.

இதைவிட மோசமான ரிப்பேர் ஒன்று உண்டு: ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக இணைத்துவிட்டு "இனி விழாது சார்" என்பது. விழாதுதான். காசு கொடுக்கும் முன் சப்ளை இருக்கும்போதே அதிலுள்ள 'டி' பட்டனை அழுத்துங்கள். உடனே விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் நிற்கவேண்டும்.

பாயிண்ட் என்றால் என்ன என்று கேட்காமல் விடுவது

"பாயிண்டுக்கு இவ்வளவு" என்று பேசி முடித்த வேலையில்தான் கடைசி நாள் கணக்கு இடிக்கும். ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு 5 ஆம்ப் பிளக், ஒரு ஏசி. வீட்டுக்காரர் கணக்கில் ஐந்து பாயிண்ட். கட்டில் பக்கம் ஒரு டூவே சுவிட்ச் வைத்திருந்தால் எலெக்ட்ரீஷியன் அதற்கு ஒன்று சேர்ப்பார். ஏசி பவர் பாயிண்டை இரண்டாக எண்ணுவார். ஏழு. இரண்டு கணக்கும் வழக்கத்தில் இருப்பவையே. எனவே ரேட்டைப் பேரம் பேசுவதற்கு முன், சாக்பீஸால் சுவரில் குறித்து இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிவிடுவது நல்லது.

சுவர் வெட்டுவது யார், பூசுவது யார், இடிந்த குப்பையை இறக்குவது யார் என்பதும் ரேட்டுக்குள் வருமா என்று கேட்க வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கம் புது அடுக்குமாடிகள் பலவற்றில் சுவரே கான்கிரீட். அங்கே வெட்டக் கூடாது. வெளியே கேசிங் பட்டி அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும், பட்டிக்குத் தனிக் காசு. தூண், பீமை வெட்ட எந்தக் கட்டடத்திலும் அனுமதிக்காதீர்கள்.

பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, அவரிடமிருந்து "ஓகே" வாங்கிவிடுங்கள். இப்படி: "பாத்ரூம் கீசர் பாயிண்ட் ஒன்று. ரெண்டரை வயர் (2.5 சதுர மி.மீ.), 16 ஆம்ப் சாக்கெட், 16 ஆம்ப் எம்.சி.பி. சாமான் நாங்கள். லேபர் இவ்வளவு, சுவர் வெட்டிப் பூசுவது சேர்த்து. கூடுதல் வேலை வந்தால் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்." கடைசி வரி முக்கியம். சண்டைகள் ஆரம்பிப்பது "சேர்த்தே முடிச்சுட்டேன் சார்" என்ற இடத்தில்.

சாமான் கணக்கு

எலெக்ட்ரிக்கல் பொருட்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலைக்கும் கடையில் உண்மையில் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி உண்டு, வயரில் குறிப்பாக. அந்தத் தள்ளுபடி யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. எலெக்ட்ரீஷியன் வழக்கமாக வாங்கும் கடையில் அது அவர் கணக்கில் சேரலாம். இதைத் திருட்டு என்று சொல்லமாட்டோம். லேபரைக் குறைத்துப் பேசி அதை இதில் ஈடுகட்டுபவர்கள் உண்டு. பிடிக்கவில்லையென்றால் பட்டியலை எழுதி வாங்கி நீங்களே இரண்டு கடையில் விலை கேட்டு வாங்குங்கள். பெரிய வேலை என்றால் பாரிமுனை வரை போய்வரலாம். ஆனால் நீங்கள் வாங்கிய சாமான் கெட்டுப்போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. லேபரையும் அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிக் கேட்பார், அது நியாயம்.

பட்டியலில் அளவு, பிராண்ட், எண்ணிக்கை மூன்றும் இருக்கவேண்டும். "வயர் ஒரு காயில்" என்று எழுதியிருந்தால் கணக்குப் போடுங்கள். எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து ஏசி வரை பைப் வழி 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேஸும் நியூட்ரலும் நாலு எம்.எம். வயரில் 24 மீட்டர், எர்த் 12 மீட்டர். பத்து சதவீதம் கூட்டினால் 27-ம் 14-ம். காயிலோ 90 மீட்டர். முழு காயில் இரண்டு வாங்கினால் நாலு எம்.எம். 63 மீட்டரும் எர்த் வயர் 76 மீட்டரும் மிஞ்சும். இந்த மாதிரி ஒற்றைப் பாயிண்ட் வேலைக்கு மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் வயர் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும், அட்டையில் மட்டும் இருந்தால் போதாது.

பழைய வயரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 90 மீட்டர் ரெண்டரை வயரில் சுமார் இரண்டு கிலோ காப்பர் இருக்கிறது. ஒன்றரை வயரில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழு வீட்டு ரீவயரிங்கில் உருவும் பழைய வயர், காயலான் கடையில் ஆயிரக்கணக்கில் போகும். அது வீட்டுக்காரருடையது. எலெக்ட்ரீஷியனுக்கே கொடுப்பதாக இருந்தால் லேபர் பேசும்போதே சொல்லுங்கள், ரேட் இறங்கும். மாற்றிய எம்.சி.பி., சுவிட்ச், கண்டென்சரையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையில் மாற்றினாரா என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

குறைந்த பில்லை நல்ல பில் என்று நினைப்பது

16 ஆம்ப் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. ஒருவர் வந்து 32 ஆம்ப் போட்டுவிட்டு, ஐந்தே நிமிடத்தில் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஓடுவது ரெண்டரை வயர் என்றால், அதன் தாங்கும் அளவைத் தாண்டிக் கரண்ட் ஓடினாலும் இனி எம்.சி.பி. அதைத் தடுக்காது. சுவருக்குள் வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும். 2 கிலோவாட் கீசர் எடுப்பது 9 ஆம்புக்கும் குறைவு. அதற்கு 16 விழுகிறதென்றால் லூஸ் கனெக்‌ஷனில் சூடேறுகிறது, அல்லது இன்னொரு பெரிய சாதனம் அதே லைனில் இருக்கிறது, அல்லது எம்.சி.பி.யே தேய்ந்துவிட்டது. ஓடும் கரண்டைக் கிளாம்ப் மீட்டரால் அளந்து காரணம் சொல்பவருக்கு அதிகம் கொடுப்பதில் தவறில்லை.

பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவதற்கு மேல் போகும் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. முழு ரீவயரிங் என்றால் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி., வாடகை வீடு

துண்டுச் சீட்டில் 18 சதவீதம் சேர்த்திருந்தால், 33-இல் தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது.

வாடகைக்கு இருப்பவர்கள் வேலைக்கு முன்பே ஓனருக்குப் படத்தோடு மெசேஜ் அனுப்ப வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வயரிங் ஓனர் பொறுப்பு, சுவிட்ச்சும் சாக்கெட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. செய்துவிட்டு வாடகையில் கழிப்பது அடுத்த சண்டைக்கு வழி.

தகராறு வந்துவிட்டால்

அவசரத்தில் வேறொருவரை வரவழைத்து போர்டைத் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அவர் கை வைத்ததும் முதல் ஆள் "நான் போட்டப்போ சரியா இருந்துச்சு" என்பார், மறுக்க வழியில்லை. முதலில் படம், வீடியோ எடுங்கள். செய்தவரையே எழுத்தில் கூப்பிட்டு, வர ஒரு நாள் குறிப்பிடுங்கள். சர்ச்சையில்லாத தொகையை உடனே யு.பி.ஐ.யில், என்ன வேலைக்கு என்று குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் நிறுத்தி வைத்தால் குறை உங்கள் பக்கம் திரும்பும். வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது பில்லை. அது இல்லாதவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் வரியும் யு.பி.ஐ. குறிப்பும்தான் கையில் இருக்கும்.