தாக்குதலா, தடுப்பா? கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஒரு செய்முறை

"80 புள்ளி எடுத்தும் தோற்கிறோம், தடுப்பாட்டம் சரியில்லை" என்ற புலம்பல் கல்லூரி அணிகளில் அடிக்கடி கேட்கும். தீர்ப்புச் சொல்லும் முன் ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொசஷனை எண்ணுங்கள்

பொசஷன் என்பது ஒரு அணி பந்தைப் பெற்றதிலிருந்து எதிரணியிடம் விடும் வரையிலான ஒரு வாய்ப்பு. ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு ஏமாற்றும். 1989-90 சீசனில் அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணி சராசரியாக 122.4 புள்ளி குவித்தது. எதிரணிகளின் சராசரியும் நூறைத் தாண்டியது. பந்து வந்த சில நொடிகளிலேயே ஷாட் போடும் வேகம் இரு பக்கமும் வாய்ப்பைப் பெருக்கியது. நேர்மாறாக, 2019-இல் அமெரிக்கக் கல்லூரி சாம்பியனான வர்ஜீனியா அணி மிக மெதுவாக ஆடியது. புள்ளிகள் குறைவாகத் தெரிந்தாலும், பொசஷன் கணக்கில் அதன் தாக்குதலும் நாட்டின் முன்வரிசையில் இருந்தது.

கணக்கு இதுதான்: போட்ட ஷாட்கள் − தாக்குதல் ரீபவுண்ட் + டர்ன்ஓவர் + (ஃப்ரீ த்ரோ × 0.475). தாக்குதல் ரீபவுண்ட் என்றால் தவறிய நம் ஷாட்டை நாமே மீண்டும் பிடிப்பது; டர்ன்ஓவர் என்றால் ஷாட் போடாமலே பந்தை இழப்பது; ஃப்ரீ த்ரோ என்றால் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா ஷாட்.

58 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 69.5 பொசஷன்.

படி 2: நூறுக்கு மாற்றுங்கள்

72 புள்ளி எடுத்திருந்தால் 72 ÷ 69.5 × 100 = 103.6, அதாவது நூறு பொசஷனுக்கு அத்தனை புள்ளி. எதிரணிக்கும் ஏறத்தாழ அதே பொசஷன்தான். அவர்கள் 76 எடுத்தால் 109.4. ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஐந்தாறு ஆட்டங்களாவது சேரட்டும்.

படி 3: விட்ட புள்ளி எங்கிருந்து வந்தது?

அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். வீடியோவை ஓடவிட்டு, எதிரணி போட்ட ஒவ்வொரு கூடைக்கும் முந்தைய ஐந்து நொடிகளைப் பாருங்கள். நம் ஆள் மூலையிலிருந்து அவசரமாக மூன்று புள்ளி ஷாட் போடுகிறார். நால்வர் ரீபவுண்டுக்கு உள்ளே பாய்கிறார்கள். பந்து ரிங்கில் பட்டு நீளமாகத் தெறிக்கிறது. எதிரணி கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும் வீரர்) அதை அள்ளிக்கொண்டு ஓட, நம் பாதியில் ஒருவருமில்லை. கூடைக்கு அருகே சென்று எளிதாகப் போடும் லே-அப்! தடுப்பின் கணக்கில் ஏறிய அந்த இரண்டு புள்ளிக்கும் காரணம் நம் தாக்குதல். இப்படி வந்த கூடைகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். டர்ன்ஓவரால் வந்தவையும் இதே பட்டியலில் சேரும்.

படி 4: திரும்பி ஓடுவது யார்?

புதிய அணிக்கு என் பரிந்துரை: மூவர் ரீபவுண்டுக்கு, இருவர் பின்னால். பந்து கையை விட்டுக் கிளம்பியதுமே பாயிண்ட் கார்டு (அணியின் ஆட்டத்தை நடத்தும் கார்டு) திரும்ப வேண்டும். ஷாட் விழுகிறதா என்று நின்று பார்த்தால் தாமதமாகிவிடும்.

படி 5: பயிற்சியில் இரண்டையும் பிணையுங்கள்

ஐந்துக்கு ஐந்து ஆடும்போது ஒரு விதி வையுங்கள்: கூடை போட்ட அணி எதிரணியின் அடுத்த பொசஷனையும் தடுத்தால்தான் புள்ளி. இரண்டு வாரம் இப்படி ஆடிவிட்டு, படி 3-இன் பட்டியலை மறுபடியும் எடுங்கள். எதிரணியின் ஓட்டத்தில் விட்ட கூடைகள் குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.