உடுத்தாளா, உடுத்தினாளா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் தாமே ஆடை தரித்துக்கொள்வதைக் குறிக்கும் வினை 'உடு'; அது உடுத்தாள், உடுக்கிறாள், உடுப்பாள் என வரும். உடுத்தினாள், உடுத்துகிறாள், உடுத்துவாள் என வரும் 'உடுத்து' பிறருக்கு ஆடை கட்டிவிடுவதைக் குறிக்கும் பிறவினை. முன்னதன் வினையெச்சமும் பின்னதன் பகுதியும் 'உடுத்து' என்றே அமைவதால்தான் இவ்வளவு குழப்பமும். 'தாய் குழந்தைக்குப் பாவாடை உடுத்தினாள்' என்பது பொருந்தும்; மணமகள் தானே கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டதைச் சொல்ல 'உடுத்தாள்' என்பதே இலக்கணம். 'உடுத்தினாள்' இன்று இரு பொருளிலும் வேரூன்றிவிட்டதால், கண்ட இடமெல்லாம் அதைத் திருத்துவது வீண் பிடிவாதம் என்பது என் கருத்து. ஐயம் எழும் இடத்தில் 'உடுத்திக்கொண்டாள்' என்று எழுதலாம். 'கொள்' என்னும் துணைவினை செயலை அவளிடமே நிறுத்திவிடும்.

திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் 'உடுத்துக் களைந்த நின் பீதக ஆடை உடுத்து' என்று பாடுகிறார். 'உடுத்தி' என்று பாடவில்லை. அதே பாசுரத்தில் துழாய் மலருக்குச் 'சூடிக் களைந்தன சூடும்' என்று வினை மாறுகிறது. ஆடையை உடுப்பதும் பூவைச் சூடுவதும் நகையைப் பூணுவதும் மரபாக இருக்க, எல்லாவற்றுக்கும் 'அணி' என்றே எழுதுவது பிழையன்று என்றாலும் நடையைச் சப்பையாக்கும். சட்டை, காலுறை, தலைக்கவசம் ஆகியவற்றுக்கு மட்டும் 'அணி' இயல்பாகப் பொருந்தும். 'தலைக்கவசம் உடுத்தினார்' என்று எவரும் சொல்வதில்லை.

விழாச் செய்திகளில் 'தலைவருக்குப் பொன்னாடை அணிந்தார்' என்று எழுதுவது தவறு. அணிந்தவர் தலைவரே, மற்றவர் அணிவித்தார் அல்லது போர்த்தினார்.

ஒற்றிலும் கவனம் வேண்டும். 'உடுத்து' வினையெச்சமாக வரும்போது 'உடுத்துச் சென்றாள்' என வல்லினம் மிகும். பெயரெச்சமான 'உடுத்த' என்பதன் பின் மிகாது என்பதால் 'உடுத்தப் புடவை' என்பது பிழை, 'உடுத்த புடவை' என்பதே சரி.

எதிர்ச்சொல்லும் ஆடைக்கேற்ப மாறும்: உடுத்ததைக் களைவோம், கட்டியதை அவிழ்ப்போம், போட்டதைக் கழற்றுவோம். வேட்டியை அவிழ்க்கலாம், சட்டையைக் கழற்றத்தான் வேண்டும்.