20 டன் கல்லும் வழுக்கும்: கல் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேனில் தொங்கும் கல்லுக்கு அடியில் நிற்காதே, தலைக்கவசம் போடு, செருப்போடு வராதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை யார்டு வாசலிலேயே பலகையில் எழுதி மாட்டியிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் யார்டுகளுக்குப் புதிதாக வரும் பையன்கள் செய்யும் தவறுகள் வேறு வகை. அவை கவனக்குறைவால் வருவதில்லை. விசை எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி மனத்தில் ஊறிப்போன தப்புக்கணக்கால் வருகின்றன. ஆள் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. அதிலும் ஒன்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

"இவ்வளவு கனம், எங்கே நகரப் போகிறது?"

சங்கிலி போடச் சொன்னால் வரும் பதில் இது. அண்மையில் சேர்ந்த ஒரு பையன், பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவன், லாரித் தளத்தில் ஏறி நின்றுகொண்டு சொன்னான்: "20 டன் கல் அண்ணா. யானை வந்து முட்டினாலும் அசையாது. இதற்குப் போய்ச் சங்கிலியா?"

விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்குவது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். தளத்தில் ஏறியதும் அது மறந்துவிடுகிறது.

கணக்கு எளிது. கல்லை லாரித் தளத்தோடு பிடித்துவைப்பது உராய்வு. அது கல்லின் எடைக்கேற்பக் கூடும் என்பது உண்மை. இரும்புத் தளத்தில் கல் உட்கார்ந்திருக்கும்போது உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறும் என்ற எண், 0.3 என்று வைத்துக்கொள்வோம். 20 டன் கல்லுக்கு உராய்வு தரும் பிடிப்பு 6 டன். பையன்கள் இதுவரை சரியாக வந்து, இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கல்லை லாரியோடு சேர்த்து நிறுத்தத் தேவையான விசையும் எடையோடு சேர்ந்தே கூடுகிறது. திடீர் பிரேக்கில் லாரியின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது என்றால், 20 டன் கல்லை நிறுத்த ஏறத்தாழ 10 டன் விசை வேண்டும். இருப்பது 6. பற்றாக்குறை 4 டன்.

1 டன் கல்லுக்குப் போட்டுப் பாருங்கள். தேவை அரை டன், உராய்வு தருவது 300 கிலோ, பற்றாக்குறை 200 கிலோ. இரண்டு கல்லும் ஒரே பிரேக்கில், ஒரே கணத்தில்தான் வழுக்கத் தொடங்கும். கனமான கல்லைப் பிடித்து நிறுத்தத்தான் இருபது மடங்கு பலம் வேண்டும். கனம் கல்லைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லாரி அந்த பிரேக்கில் 28 மீட்டரில் நின்றுவிடும். உராய்வை மட்டும் நம்பியிருக்கும் கல் நிற்பதற்கு 47 மீட்டர் வேண்டும். நடுவில் இருக்கும் 19 மீட்டருக்குக் கல் எங்கே போகும்? அதற்கு முன்னால் இருப்பது ஓட்டுநரின் கேபின்.

ஓசூர் பக்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மேலுமலை இறக்கத்தில் வந்த ஒரு லாரியில் இதுதான் நடந்தது. குறுக்கே ஒரு பைக் வந்தது, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். நான் போய்ப் பார்த்தபோது கல், முன்பலகையை மடித்துக்கொண்டு கேபினின் பின்சுவரில் பதிந்திருந்தது. தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக. வயர் ரம்பத்தில் அறுத்தபோது ஒட்டிய கல்மாவுச் சேறு, கல்லைக் கழுவாமல் ஏற்றியதால் அடியில் அப்படியே இருந்திருக்கிறது. சேறு இருந்தால் குணகம் 0.3கூடத் தேறாது. ஓட்டுநர் கால் முறிவோடு தப்பினார். "யாரோ பின்னாலிருந்து கல்லைத் தள்ளிவிட்டதுபோல் இருந்தது" என்றார். யாரும் தள்ளவில்லை. லாரி நின்றது, கல் நிற்கவில்லை. ஓடும் பொருள் தடுக்கப்படும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்று நியூட்டன் 1687-இலேயே எழுதி வைத்துவிட்டார். வண்டி உரிமையாளரோ பிரேக் பிடித்ததுதான் தப்பு என்று ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தார்!

சரி, சங்கிலி போட்டாயிற்று என்றாலும் எந்தச் சங்கிலி, எப்படி என்று கேட்க வேண்டும். கல்லின் தலைக்கு மேலாக ஒரு சங்கிலியைப் போட்டு, 2 டன் அளவுக்கு முறுக்கி இறுக்கினால், இரு பக்கமும் சேர்ந்து கல்லை 4 டன் அளவுக்குக் கீழே அழுத்தும். அதில் 0.3 பங்குதான் பிடிப்பாக மாறும். அதாவது 1.2 டன். 4 டன் பற்றாக்குறைக்கு இப்படி நான்கு சங்கிலி வேண்டும். சங்கிலி செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து போனால் அழுத்தம் இன்னும் குறையும்; தளத்தோடு 30 டிகிரியில் கிடந்தால் பாதியாகிவிடும். ஒற்றைச் சங்கிலியைப் பேருக்கு மேலே போட்டுவிட்டு "கட்டியாச்சு" என்று கை தட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால், கட்டாதவனே மேல் என்று தோன்றும். அவனுக்காவது பயம் இருக்கும்.

வழி இருக்கிறது. கல்லின் முன்முகத்தில் முட்டுக்கட்டை வைத்து அதைத் தளத்தோடு அசையாமல் பிணையுங்கள். கல்லைப் பின்னோக்கி நேராக இழுத்துப் பிடிக்கும்படி சங்கிலி போடுங்கள். இவை உராய்வை நம்பாமல் நேரடியாகத் தடுப்பவை. கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே அதற்கென்று விற்கும் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டால் குணகம் 0.6 வரை ஏறும். முன் சொன்ன பற்றாக்குறை கணக்கிலேயே இருக்காது. அப்போதும் சங்கிலி வேண்டும். சாலை கணக்குப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

சாய்ந்த வயர் ரோப்

10 டன் கல்லை இரண்டு வயர் ரோப்பில் தூக்கினால் ஆளுக்கு 5 டன் என்று பங்கு பிரிப்பார்கள். ரோப் இரண்டும் நேராகத் தொங்கினால்தான் அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 5.8 டன். 30 டிகிரியில் 10 டன், அதாவது ஒவ்வொரு ரோப்பும் முழுக் கல்லைச் சுமக்கிறது. 15 டிகிரிக்கு இறக்கினால் 19 டன். கல் கூடவில்லை, கோணம்தான் குறைந்தது. குட்டையான ரோப்பை இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். நீளமான ரோப்பைத் தேடி எடுங்கள்.

எடையைக் கண்ணால் அளப்பது

டேப்பை எடுங்கள். நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் அளந்து பெருக்குங்கள். சாதாரணக் கிரானைட் கன மீட்டருக்கு 2.7 டன், கறுப்புக் கிரானைட் என்றால் 3.

ஸ்டாண்டில் ஒரே பக்கத்திலிருந்து இறக்குவது

பாலிஷ் போட்ட பலகைகள் ஏ வடிவ ஸ்டாண்டில் இரு பக்கமும் சாய்ந்து வரும். இரு பக்கத்து எடையும் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் ஸ்டாண்டு நிற்கிறது. ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் உண்டு. அப்போது எடையின் மையம் மறுபக்கக் காலைத் தாண்டினால் ஸ்டாண்டே கவிழும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இறக்குங்கள். சாயும் பலகையைக் கையால் தாங்கப் போகாதீர்கள். 20 மில்லிமீட்டர் தடிப்பில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் பலகை ஒன்றே 320 கிலோவுக்கு மேல் இருக்கும். விலகி ஓடுங்கள், பலகை உடையட்டும்.

வளைவில் "கொஞ்சம் வேகம்"

வளைவில் லோடை உள்நோக்கித் திருப்பத் தேவையான விசை, வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். 40-இலிருந்து 60-க்குப் போனால் ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு. லாரிக்கு அந்த விசையைத் தருவது டயரின் உராய்வு; லோடுக்குத் தருவது தளத்தின் உராய்வும் நீங்கள் போட்ட சங்கிலியும்தான். உயரமான லோடாக இருந்தால் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழ்ந்துவிடும்.

தொப்பூரில் நியூட்ரல்

கூடாது. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் மலைப்பாதையில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 டன் லாரியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிரேக்கில் ஏறும் வெப்பத்தைவிட, அதே லாரியை 100 மீட்டர் உயரம் சீரான வேகத்தில் இறக்கினால் ஏறும் வெப்பம் ஏழு மடங்கு. தாழ்ந்த கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் அளவுக்கு மீறிச் சூடேறியபின் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

கட்டியபின் திரும்பிப் பார்க்காதது

ஓட்டத்தின் அதிர்வில் அடிக்கட்டைகள் நசுங்கும், சங்கிலி தளரும். புறப்பட்டுச் சில கிலோமீட்டரிலேயே ஓரங்கட்டி, ஒவ்வொரு சங்கிலியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி முறுக்குங்கள்.