மான்சல் டிரெயில்: பழைய ரயில் வழியில் செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பேக்வெல் ஊரிலிருந்து பக்ஸ்டன் திசையில் போகும் மான்சல் டிரெயில் மொத்தமே 8.5 மைல்தான், கிலோமீட்டரில் 13.7. கார் வராது, மூச்சு வாங்கும் மேடு இல்லை, சின்னப் பிள்ளைகளையும் சைக்கிளில் கூட்டிப்போகலாம். அதனாலேயே நம் குடும்பங்கள் பலரும் எதையும் விசாரிக்காமல் கிளம்பி வந்துவிடுகிறார்கள். பூங்காவுக்குள் போட்ட நடைபாதை என்று இதை நினைப்பதுதான் முதல் தவறு. 1863-ல் திறந்து, பிறகு லண்டன்–மான்செஸ்டர் ரயில்கள் ஓடி, 1968-ல் மூடப்பட்ட ரயில்பாதை இது. எங்கே ஏற்றம், எங்கே உள்ளே நுழையலாம், எங்கே டீ கிடைக்கும் என்பதையெல்லாம் அந்த ரயில்தான் இன்றும் தீர்மானிக்கிறது.

ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பாதை சமதளம்தான். ஆனால் பேக்வெல்லிலிருந்து மேற்கே போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும், ஏறக்குறைய நூறு அடிக்கு ஒரு அடி. நீராவி இன்ஜினுக்கே இது உழைப்புதான். மேற்குப் பக்கம் இருக்கும் மில்லர்ஸ் டேலில் காரை நிறுத்திவிட்டு பேக்வெல் வரை உல்லாசமாக இறங்கி, அங்கே ஊர் பெயர் கொண்ட புட்டிங்கைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் சோதனை. எதிர்க்காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்தே வரும். எட்டு வயதுப் பிள்ளை பாதி வழியில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். பேக்வெல்லிலோ, அதை அடுத்துள்ள ஹாசப்பிலோ தொடங்குங்கள். தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டால், களைத்த பிறகு பாதையே உங்களைக் கீழே கொண்டுவந்து விடும்.

பெயரைப் பார்த்து ஏமாந்து, காரை மான்சல் ஹெட் என்ற மேட்டுக்கு ஓட்டிப்போகிறவர்களும் அதிகம். டிரெயில் அங்கிருந்து வெகு கீழே இருக்கிறது. இறங்குகிற ஒற்றையடிப் பாதை செங்குத்து. சைக்கிளோடு இறங்குவது கஷ்டம், திரும்பத் தூக்கி ஏறுவது அதைவிடக் கஷ்டம். சைக்கிளோடு வந்தால் பழைய நிலையங்கள் வழியாகவே நுழையுங்கள்: ஹாசப், கிரேட் லாங்ஸ்டன், மில்லர்ஸ் டேல். ஹாசப்பில் வாடகை சைக்கிளும் சாப்பாட்டுக் கடையும் இருக்கின்றன.

அதற்காக மான்சல் ஹெட்டுக்குப் போகாமலே இருந்துவிடாதீர்கள். வை ஆற்றின் குறுக்கே ஐந்து வளைவுகளோடு நிற்கும் ஹெட்ஸ்டோன் பாலத்தின் அழகு மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். பாலத்தின் மேலேயே நடக்கிறவர்களுக்குப் பள்ளத்தாக்கு தெரியும், பாலம் தெரியாது. பள்ளத்தாக்கையே பாழாக்கிவிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் இந்த ரயில்பாதையைக் கடுமையாகச் சாடினார். 1970-ல் அதே பாலத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டுமானமாக அறிவித்தார்கள்.

ரயில் போவதற்காக மலையைக் குடைந்த குகைகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். மொத்தம் ஆறு, அவற்றில் நான்கு, ஒவ்வொன்றும் 400 மீட்டர் அளவுக்கு நீளமானவை. 1981-ல் டிரெயில் திறந்தபோது இந்த நான்கும் அடைத்தே கிடந்தன. நடப்பவர்கள் குன்றைச் சுற்றி ஏறி இறங்கித்தான் தாண்டினார்கள். விளக்குப் போட்டு மக்களுக்கு விட்டது 2011 மே மாதத்தில். வெயிலில் வேகமாக வந்து, கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்வதுதான் இங்கே மிக ஆபத்தான பழக்கம். கண் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் வேண்டும். அதற்குள் எதிரே தள்ளுவண்டியோடு ஒரு தாய் வந்துகொண்டிருப்பார். வாசலிலேயே வேகத்தைக் குறையுங்கள். உள்ளே விளக்குகள் பகல் நேரத்துக்கு மட்டும்தான். டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், சைக்கிளில் விளக்கு இல்லாமல் பிற்பகலில் கிளம்பாதீர்கள். கோடையிலும் உள்ளே குளிரும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

குடும்பமாகப் போகும்போது பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு பேசியபடி நடக்கிறோம். பின்னால் வருகிறவர்கள் மணியடித்து மணியடித்து ஓய்ந்துபோகிறார்கள். இது நாமே திருத்திக்கொள்ள வேண்டியது. குதிரையில் வருகிறவர்களும் இந்த வழியில் உண்டு. குதிரைக்குப் பின்னால் திடீரென்று மணியடித்தால் அது மிரளும். வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்துவிட்டு, தள்ளிப் போங்கள். குகைக்குள் எதிரொலி கேட்கப் பிள்ளைகள் கத்துவார்கள். குதிரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கத்தவிடுங்கள்.

மேற்குக் கோடியில் டிரெயிலுக்குக் கீழே ஆற்றோரமாக சீ டேல் வழியே இன்னொரு பாதை போகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அதில் இறங்கிவிடாதீர்கள். ஆற்றுக்குள் போட்ட படிக்கற்களில் கால் வைத்துத் தாண்ட வேண்டிய இடங்கள் அதில் உண்டு; மழைக்குப் பின் கற்கள் மூழ்கிவிடும். சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் அது வழியே இல்லை. மில்லர்ஸ் டேல் பக்கம் பாதையோரம் நிற்கும் பிரம்மாண்டமான சுண்ணாம்புக் காளவாய்களை நின்று பாருங்கள், சுவரில் ஏறாதீர்கள்.

எல்லாவற்றையும் ஓட்டமாகக் கடப்பதும் தவறுதான். லிட்டன் குகையை அடுத்து, கீழே ஆற்றோரம் லிட்டன் மில் இருக்கிறது. அநாதைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கி வதைத்ததற்குப் பெயர்போன பஞ்சாலை அது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே கொஞ்சம் நின்று அந்தக் கதையைச் சொல்லலாம்.

கடைசியாக, ரயில் பாதைதானே, ரயிலிலேயே போய்விடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: பேக்வெல்லில் நிலையக் கட்டடம் இருக்கிறது, ரயில் இல்லை. பக்கத்து நிலையங்கள் மேட்லாக்கும் பக்ஸ்டனும். டிரெயிலின் மேற்கு முனையான பிளாக்வெல் மில்லுக்கு அப்பால் தண்டவாளம் உயிரோடு இருக்கிறது, ஆனால் அது கல் ஏற்றும் சரக்கு ரயில்களுக்கு. பக்ஸ்டனில் இறங்கி ஏ6 சாலையில் சைக்கிள் மிதிக்க வேண்டாம். வளைவும் லாரியும் நிறைந்த சாலை அது. பஸ் பிடித்து பேக்வெல் போய், அங்கிருந்து டிரெயிலிலேயே ஹாசப்புக்கு நடந்து வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள்.