துருசுத் திறப்பும் கிளஸ்டர் அட்மினும்: குபர்நெட்டிஸ் உரிமைகளில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறக்க முன்னர் ஒரு கூட்டம் நடக்கும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தன் வயல் காய்கிறது என்பதற்காகக் குளத்துத் துருசின் திறப்பையே தரச்சொல்லி எந்தக் கமக்காரரும் கேட்பதில்லை. கிளிநொச்சியில் நாங்கள் நாலுபேர் மென்பொருள் எழுதும் அறையில் மட்டும் அந்தக் கேள்வி அடிக்கடி வந்தது.

“அண்ணை, ஃபோபிடன் எண்டு வருது. கிளஸ்டர் அட்மினைக் குடுத்துப் பாக்கட்டே?”

ஃபோபிடன் என்றால் அனுமதி மறுப்பு, கிளஸ்டர் அட்மின் என்றால் எல்லாவற்றையும் செய்யவிடும் முழு உரிமை. குடுத்தால் வேலை செய்யும். சிக்கலே அதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பல கணினிகளை ஒன்றுசேர்த்து அவற்றில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்தான் குபர்நெட்டிஸ், அந்தக் கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர். அதில் ஓடும் ஒரு செயலி கிளஸ்டரின் ஏபிஐயிடம் (கோரிக்கைகளை வாங்கும் வாசல்) எதையாவது கேட்டால், அது ஒரு சேர்விஸ் எக்கவுண்டின், அதாவது செயலிக்கான கணக்கின், பெயரில்தான் கேட்கும். என்ன செய்யலாம் என்பதை ரோல் சொல்கிறது, அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பைண்டிங் சொல்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஆர்பேக் என்று பெயர். 2017 இல் 1.8 பதிப்போடு முழுமையாக நிலைபெற்றது. இதில் ‘கொடு’ மட்டும்தான் உண்டு, ‘தடு’ என்ற விதி கிடையாது. ஓரிடத்தில் அள்ளிக் கொடுத்ததை இன்னோரிடத்தில் விதி எழுதிக் குறைக்க முடியாது. ஆகவே கொடுக்கிற கைதான் யோசிக்க வேண்டும்.

அந்த ஃபோபிடன் செய்திக்கு வருவோம். அரிசி ஆலை ஒன்றின் இருப்புக் கணக்குச் செயலிக்கு டிப்ளொய்மென்ட்களின் (ஒரு செயலி எப்படி, எத்தனை பிரதிகளாக ஓட வேண்டும் என்ற பதிவு) பட்டியல் தேவைப்பட்டது. ரோலில் டிப்ளொய்மென்ட் என்று சரியாகத்தான் எழுதியிருந்தோம். ஆனால் அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும் ஏபிஐ குரூப் என்ற இடத்தை, பொட்டுக்கு (செயலி ஓடும் மிகச் சிறிய அலகு) விடுவதைப் போல வெறுமையாக விட்டிருந்தோம். டிப்ளொய்மென்ட் இருப்பது ‘ஆப்ஸ்’ குரூப்பில். வந்த செய்தி அதைத் தெளிவாகவே சொன்னது: இந்த எக்கவுண்ட், இந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த ஒரு பகுதி), ஆப்ஸ் குரூப்பிலுள்ள டிப்ளொய்மென்ட்களை லிஸ்ட் செய்ய முடியாது. யார், எங்கே, எதை, என்ன செய்ய என்று நாலும் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. எங்கள் தம்பி வாசித்தது ஃபோபிடன் என்ற சொல்லை மட்டும். அந்த வரியை அப்படியே ரோலில் பெயர்த்து எழுதினால் தேவையான உரிமை வந்துவிடும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பொட் ஒன்றின் லொக் (ஓட்டப் பதிவு) பார்ப்பதும் இப்படித்தான். பொட்டைப் பார்க்கும் உரிமைக்குள் அது வராது, ‘பொட்ஸ்/லொக்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். இது தெரியாமல், ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட்டவர்கள் ஏராளம். நட்சத்திரம் இன்று இருப்பதற்கு மட்டும் செல்லுபடியாவதல்ல. நாளைக்கு யாரோ கிளஸ்டரில் புதிதாக நிறுவப்போகும் வளங்களுக்கும் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது.

அப்புறம், டிஃபோல்ட் எக்கவுண்ட். ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் அது தானாகவே இருக்கும். எக்கவுண்ட் எதையும் குறிப்பிடாத பொட்கள் எல்லாம் அதன் பெயரில்தான் ஓடும். அதற்கு ஓர் உரிமையைக் கட்டினால், பக்கத்தில் ஓடும் அத்தனை செயலிகளுக்கும் சேர்த்துக் கட்டியதாகும். செயலிக்கு ஓர் எக்கவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஐயோடு பேசவே தேவையில்லாத செயலிக்கு டோக்கனை, அதாவது எக்கவுண்டின் அடையாளச் சீட்டை, தானாக மவுண்ட் செய்வதையும் (பொட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதையும்) நிறுத்திவிடலாம். சாதாரண வலைச் செயலிகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

அடுத்ததைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அனுபவக்காரரும் வழுக்குகிறார்கள். சில உரிமைகள் பார்வைக்குச் சின்னவை. சீக்ரெட்களை (கடவுச்சொல் போன்ற இரகசியங்களை வைக்கும் பதிவுகள்) ‘லிஸ்ட்’ செய்வது என்றால் பெயர்ப் பட்டியல் மட்டும்தானே என்று நினைப்போம். இல்லை, உள்ளே இருக்கும் கடவுச்சொற்களும் சேர்ந்தே வரும். பொட் உருவாக்கும் உரிமை இதைவிடப் பெரியது. பொட் உருவாக்கக் கூடியவர் அந்த நேம்ஸ்பேஸிலுள்ள எந்தச் சீக்ரெட்டையும் தன் பொட்டுக்குள் மவுண்ட் செய்யலாம். எந்த எக்கவுண்டின் பெயரிலும் அதை ஓட விடலாம். சீக்ரெட் பார்க்கும் உரிமை அவரிடம் இல்லாவிட்டாலும்தான். ‘எடிட்’ என்ற ஆயத்த ரோலைச் செயலிக்குக் கொடுக்கும்போது இவை எல்லாம் சேர்ந்து போகின்றன. ‘வியூ’ ரோலில் சீக்ரெட் காட்டப்படாது. அது மறந்துபோய் விடப்பட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. எஸ்கலேட், பைண்ட், இம்பர்சனேட் என்ற மூன்று வினைகளை எந்தச் செயலியாவது கேட்டால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் ரோலில் எழுதிக் கொடுக்க முடியாது என்ற காவலை முதல் இரண்டும் திறந்துவிடுகின்றன. மூன்றாவது, இன்னொருவராகவே வேடம் போட விடுகிறது.

பைண்டிங்கில் ஒரு சொல் மாறினால் எல்லையே மாறிவிடும். கிளஸ்டர்ரோலை (எந்த நேம்ஸ்பேஸுக்கும் கட்டுப்படாமல் எழுதிய ரோல்) ரோல்பைண்டிங்கால் கட்டினால் உரிமை அந்த ஒரு நேம்ஸ்பேஸோடு நிற்கும். அதையே கிளஸ்டர்ரோல்பைண்டிங்கால் கட்டினால் கிளஸ்டர் முழுக்கப் பாயும். ஒரு பொது ரோலை எழுதி வைத்துவிட்டு, நேம்ஸ்பேஸுக்கு ஒரு ரோல்பைண்டிங் போடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. எக்கவுண்டின் பெயரில் எழுத்துப்பிழை விட்டாலும் பைண்டிங் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பிழையான பெயரில் பின்னொரு நாள் யாராவது எக்கவுண்ட் திறந்தால், உரிமை அங்கே அவருக்காகக் காத்திருக்கும். செயலியை அழிக்கும்போது பைண்டிங்கையும் அழியுங்கள் என்பதும் இதற்காகத்தான்.

சரி, எழுதிய ரோலைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? உங்கள் அட்மின் எக்கவுண்டில் சோதித்தால் எல்லாமே வேலை செய்யும், அதில் அறிய ஒன்றுமில்லை. குபர்நெட்டிஸுக்குக் கட்டளையிடும் கருவியான கியூப்சிடிஎல்லில் ‘ஆத் கேன்-ஐ’ என்று ஒரு கட்டளை உண்டு. ‘ஆஸ்’ என்ற தெரிவோடு செயலியின் எக்கவுண்டுப் பெயரைக் கொடுத்து, லிஸ்ட்டும் கேட்டால் அதன் கையில் உள்ளதெல்லாம் வரிசையாக வரும். நாங்கள் முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

பழைய கிளஸ்டர் என்றால் காலாவதியாகாத டோக்கன்கள் சீக்ரெட்களாகக் கிடக்கின்றனவா என்றும் தேடுங்கள். 1.24 பதிப்பிலிருந்து அவை தானாக உருவாவதில்லை. முன்பு உருவானவை அப்படியே கிடக்கலாம்.

மனிதருக்கான திறப்பு வேறு கதை, ஆனால் நாங்கள் ஆகக் கூடுதலாகப் பட்டது அதில்தான். எங்களோடு வேலை செய்த பெடியன் ஒருவன் வெளிநாடு போனான். அவனுடைய மடிக்கணினி வவுனியாவில் படிக்கும் தங்கையிடம் போனது. அதற்குள், கிளஸ்டரை நிறுவும் கருவியான குபிஅட்ம் உருவாக்கிய அட்மின் கோப்பு இருந்தது. 1.29 பதிப்புக்கு முந்தையது, ஆகவே அதன் சான்றிதழ் ‘சிஸ்டம்:மாஸ்டர்ஸ்’ குழுவைச் சேர்ந்தது. அந்தக் குழுவுக்கு ஆர்பேக் சோதனையே இல்லை. எத்தனை பைண்டிங்கை அழித்தாலும் அதற்கு உறைக்காது. ஒருமுறை கொடுத்த சான்றிதழை இரத்துச் செய்யும் வசதியும் குபர்நெட்டிஸில் இல்லை. ஒன்றில் அதன் ஒரு வருடத் தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் கிளஸ்டரின் மூலச் சான்றிதழையே மாற்ற வேண்டும். தங்கையிடம் கேட்டோம். கோப்பை அழித்துவிட்டேன் என்றாள். நம்பினோம். அடுத்த இரண்டு இரவும் தேத்தண்ணியோடு குந்தியிருந்து மூலச் சான்றிதழை மாற்றினோம்.