தாய்லாந்தின் பட்டாயாவில் சாலையைக் கடக்கும்போது

பீச் ரோடு ஒருவழிப் பாதைதானே என்று வண்டி வரும் பக்கம் மட்டும் பார்த்துக் காலை வைத்துவிடாதீர்கள். எதிர்த்திசையில், ஓரமாக ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் வரும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஜீப்ரா கிராஸிங்கில் நிற்காத வண்டிக்கு 4,000 பாட் வரை அபராதம் என்று 2022-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சரி, அதை நம்பி இறங்க வேண்டாம். முதல் வரிசையில் கார் நின்றாலும், அடுத்த வரிசையில் பைக் பாய்ந்து வரலாம். காரின் மூக்கைத் தாண்டுமுன் ஒரு நொடி நின்று எட்டிப் பாருங்கள். ஹெட்லைட்டைச் சிமிட்டினால் 'நீ போ' என்று அர்த்தமில்லை. 'நான் வருகிறேன், நில்!' நம்மூர் லாரிக்காரர் பாஷையேதான்.

அப்புறம், சொங்தேவ் என்கிற ஷேர் வண்டியிலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் குறுக்கே ஓடாதீர்கள். அது கிளம்பட்டும். ஆம்புலன்ஸ் எண் 1669.