எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே பக்கம் பார்த்தபோது

இருவர் பேசும் காட்சி. ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரே இருப்பவர் முகத்தைக் காட்டும் தோள்மேல் ஷாட் இரண்டையும் எடிட்டில் அடுத்தடுத்து வைத்தால் இருவருமே வலப்பக்கம் பார்க்கிறார்கள்! இரண்டாவது ஷாட்டில் கேமரா 180 டிகிரி கோட்டை, அதாவது பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டியிருந்தது. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் சட்டைப் பாக்கெட்டும் தலை வகிடும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மறுபடி எடுத்தேன்.

இரண்டு நாற்காலிகளையும் இணைத்துத் தரையில் நேராக டேப் ஒட்டினேன். ட்ரைபாட் எப்போதும் டேப்புக்கு ஒரே பக்கம்தான். இரண்டு ஷாட்டுக்கும் அதே 50 எம்எம் லென்ஸ். முகத்திலிருந்து லென்ஸ் வரை தூரத்தை அளவு டேப் வைத்தே அளந்தேன். கண்ணளவில் விட்டால் ஒரு முகம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வந்து, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு துருத்திக்கொண்டு தெரியும். குளோசப்புக்கு மட்டும் ட்ரைபாடைக் கோட்டை ஒட்டி நகர்த்தினேன். பக்கவாட்டு முகம் போய், இரண்டு கண்களும் தெளிவாகத் தெரிந்தன.